ரெப்போ வட்டி குறைந்தும் என் வீட்டுக்கடன் இ.எம்.ஐ. குறையவில்லையே, கடனை வேறு வங்கிக்கு மாற்றிவிடலாமா?

2021-இல் 30 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி, ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைத்த கடன், இ.எம்.ஐ. 23,259 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் இ.எம்.ஐ. குறையாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. கவலைப்பட வேண்டியது பாக்கி மாதங்களைப் பற்றி.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. உங்கள் வட்டியும் 9.5 ஆகியிருக்கும். அப்போது பல வங்கிகள் இ.எம்.ஐ.யைத் தொடாமல் தவணைக்காலத்தை நீட்டின. இரண்டு ஆண்டு கட்டிய நிலையில் அசல் பாக்கி சுமார் 28.52 லட்சம். அதற்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 22,579 ரூபாய். அசலில் கழிவது 680 ரூபாய்தான்! 18 ஆண்டில் முடிய வேண்டிய கடன், அதே இ.எம்.ஐ.யில் 37 ஆண்டுக்குப் போய்விடும். அடுத்த இரண்டு ஆண்டில் நீங்கள் கட்டிய ஐந்தரை லட்சத்தில் அசல் குறைந்தது வெறும் 18,000 ரூபாய் அளவுக்குத்தான்.

2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் மாதங்களில் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கி 5.5-க்கு வந்தது. வட்டி 8.5 ஆனதும் வங்கி அதே இ.எம்.ஐ.யை வைத்துக்கொண்டு மாதங்களைக் குறைத்திருக்கும். ஆனாலும் அந்த நிலையில் சுமார் 282 மாதம் பாக்கி நின்றிருக்கும். முதல் ஒப்பந்தப்படி அப்போது 192 மாதம்தான் இருந்திருக்க வேண்டும். இ.எம்.ஐ.யை 27,050 ரூபாய்க்கு, அதாவது மாதம் 3,800 ரூபாய் கூட்டினால் அந்த 192 மாதத்திலேயே கடன் முடியும். வட்டி இதே அளவில் இருந்தால் மொத்தத்தில் 13 லட்சத்துக்கு மேல் மிச்சம். இதற்குக் கடனை வேறு வங்கிக்கு மாற்றவே வேண்டியதில்லை.

இதற்கு வங்கி மறுக்க முடியாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் போட்ட விதிப்படி, வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. எழுத்தில் கேளுங்கள், கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் காரியம் நடக்காது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனில் அசலை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் அசலில் போடுங்கள். போடும்போது "காலத்தைக் குறையுங்கள், இ.எம்.ஐ. அப்படியே இருக்கட்டும்" என்றும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் சில வங்கிகள் இ.எம்.ஐ.யைக் குறைத்துவிடும், காலம் அப்படியே நிற்கும்.

அடுத்து, உங்கள் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். அதற்கு முந்தைய கடன் என்றால், வங்கியே தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். அல்லது பேஸ் ரேட்டில் கிடக்கும். அங்கே குறைப்பு மெதுவாகத்தான் வந்து சேரும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்த 2019 விதி பொருந்தாது, பெரும்பாலும் தங்கள் சொந்த அளவுகோலையே வைத்திருக்கின்றன. இன்னொன்று ஸ்பிரெட். ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் அது. புதிதாக வருபவருக்கு 2.5 வைத்துவிட்டு உங்களிடம் பழைய 3-ஐயே வாங்கிக்கொண்டிருப்பார்கள். சிபில் ஸ்கோரையும் வெளி வங்கி தரும் வட்டியையும் காட்டி முதலில் உங்கள் வங்கியிடமே குறைக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு மாற்றுக் கட்டணத்தோடு பல நேரம் வேலை முடிந்துவிடும்.

அவர்கள் அசையாவிட்டால்தான் மாற்றுவது பற்றிய கணக்கு. 25 லட்சம் பாக்கி, 15 ஆண்டு, வட்டி 9-லிருந்து 8 ஆகிறது என்றால் மாதம் 1,466 ரூபாய் மிச்சம். மொத்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல். மாற்றலாம். 8 லட்சம் பாக்கி, 5 ஆண்டு, அரை சதவீத வித்தியாசம் என்றால் மொத்த மிச்சமே 11,600 ரூபாய்தான். செலவு அதைத் தின்றுவிடும்.

தமிழ்நாட்டில் அந்தச் செலவில் பெரியது எம்.ஓ.டி., அதாவது பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணப் பதிவு. கடன் தொகையில் 0.5 சதவீத முத்திரைக் கட்டணம், தனியாகப் பதிவுக் கட்டணம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. முதல் கடனுக்குக் கட்டியது புதுக் கடனுக்குச் செல்லாது, திரும்பவும் கட்ட வேண்டும். பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் பதிவு வேறு. இவற்றோடு பிராசசிங் கட்டணம், வக்கீல் கருத்து, வீட்டு மதிப்பீடு. "பிராசசிங் இலவசம்" என்று சொன்னால் மற்றவற்றுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நடைமுறையில் சிக்கல் வருவது இடைப்பட்ட நாட்களில். பழைய வங்கியிடம், கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதமும், அவர்கள் கையில் உள்ள ஆவணப் பட்டியலும் முதலில் வாங்க வேண்டும். பட்டியலில் தாய்ப்பத்திரம் ஒன்று விடுபட்டிருந்தாலும் புது வங்கி அங்கேயே நிற்கும். பழைய கடனை அடைக்கும் காசோலையைத் தந்த நாளிலிருந்து புது வங்கி வட்டி போடும். பணம் வரவாகும் வரை பழைய வங்கியும் போடும். அதனால் காசோலையை அன்றே கொண்டு சேர்த்துவிடுங்கள். மாற்றும் சாக்கில் டாப்-அப் எனும் கூடுதல் கடனையும் கடன் காப்பீட்டையும் சேர்த்து நீட்டுவார்கள். தேவையில்லாமல் எடுக்காதீர்கள்; காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் பல ஆண்டு வட்டி கட்டுவீர்கள்.

கடன் முழுதும் அடைந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது விதி. ரத்துப் பதிவு முடிந்ததும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, பழைய எம்.ஓ.டி.க்கு எதிரே ரத்துப் பதிவு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறாமல் விட்டால் வீட்டை விற்கும் அன்று வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.