கெட்டிஸ்பர்க்கில் வண்ணக் கல் வைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கூழாங்கல்லில் படம் வரைவதுதான் இந்த வருஷத்துப் பைத்தியம். கோடை விடுமுறைக்குப் பென்சில்வேனியாவில் இருக்கிற வேலி ஃபோர்ஜ், கெட்டிஸ்பர்க் என்கிற இரண்டு வரலாற்று இடங்களுக்கும் போகிறோம். லிங்கன் தொப்பி, பீரங்கி, சாமந்திப்பூ என்று வரைந்து, பின்பக்கம் ஒரு நல்ல வார்த்தை எழுதி, யாராவது கண்டெடுக்கட்டும் என்று நினைவுச் சின்னங்கள் பக்கத்தில் வைக்க ஆசைப்படுகிறார்கள். வைக்கலாமா? போன முறை எங்கள் ஊர்ப் பூங்காவில் வைத்த கற்கள் ஒரே மழையில் சாயம் போய்விட்டன, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மாமல்லபுரத்தில் ஒன்று வைக்கலாமா என்று பெரியவள் கேட்கிறாள்.

பதில்: நினைவுச் சின்னங்கள் பக்கத்தில் வேண்டாம். பிள்ளைகளிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் கற்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை, வைக்கிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் சொன்ன இரண்டு இடங்களும் அமெரிக்க அரசின் தேசியப் பூங்காத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸின் பொறுப்பில் இருப்பவை. அவர்களுடைய விதிகளில் உங்களுக்குப் பொருந்துகிறவை இரண்டு. பூங்காவுக்குள் ஒரு பொருளைப் போட்டுவிட்டுப் போவது தவறு, அது அழகான பொருளா குப்பையா என்று விதி பார்ப்பதில்லை. அதேபோல் அங்கிருக்கிற கல்லை எடுப்பதும் நகர்த்துவதும் தவறு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று ஏட்டில் இருக்கிறது. பூ வரைந்த கல்லுக்காக உங்கள் பிள்ளையை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ரேஞ்சர் கண்ணில் பட்டால் எடுத்துப் போட்டுவிடுவார், உங்கள் பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது குப்பைப் பைக்குள் போகும்.

(பூங்காவின் பாறையிலேயே பெயிண்ட் அடிப்பது வேறு கதை. 2014-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பெண், கிரேட்டர் லேக், டெத் வேலி உட்பட ஏழு தேசியப் பூங்காக்களின் பாறைகளில் அக்ரிலிக் பெயிண்ட்டில் முகங்கள் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டார். 2016-இல் தீர்ப்பு வந்தது: 2 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 மணி நேரம் சமூக சேவை, பூங்காக்களுக்குள் நுழையவும் தடை.)

சட்டத்தை விடுங்கள், ஒரு சின்னக் கல் அப்படி என்ன செய்துவிடும் என்று உங்கள் பெரியவள் கேட்பாள், நியாயமான கேள்வி. கெட்டிஸ்பர்க்கில் 'ஆங்கிள்' என்கிற இடத்தில் இடுப்பளவுகூட இல்லாத ஒரு கல் சுவர் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 3 அன்று, தெற்குப் படையின் பெரிய தாக்குதல் வந்து முட்டி உடைந்தது அங்கேதான். சாந்து வைத்துப் பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய சுவர், இடுக்கு இடுக்காக இருக்கும், வண்ணக் கல்லை ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் ஒரு குழந்தைக்குக் கிடைக்காது. உங்கள் பிள்ளை பதமாகத்தான் வைப்பாள். ஆனால் இந்த விளையாட்டில் வைக்கிறவர் மட்டும் இல்லை, தேடுகிறவரும் உண்டு. "இங்கே ஒன்று கிடைத்தது" என்று ஒருவர் போட்டோ போட்டால் அடுத்து வருகிற நான்கு குடும்பங்கள் இடுக்குகளில் கையை விட்டுப் பார்க்கும், ஒரு கல்லை அசைத்துப் பார்க்கும், பிள்ளைகள் மேலே ஏறும். சாந்தில்லாத சுவரில் ஒரு கல் நகர்ந்தால் அதன் மேல் இருப்பதும் இளகும்.

இன்னொன்று, இது நேரடியாகக் கல் சம்பந்தப்பட்டது. அக்ரிலிக் என்பது ஒரு வகை பிளாஸ்டிக், வெயிலில் சூடேறினால் லேசாக இளகிப் பிசுபிசுக்கும். வண்ணக் கல்லைச் சலவைக்கல் மேலோ மணற்கல் மேலோ வைத்து நாலு நாள் வெயில் பட்டால், எடுக்கும்போது மெல்லிய படலம் ஒன்று கீழே ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டவும் முடியாது, கண்ட கரைப்பானைப் போட்டுத் தேய்க்கவும் முடியாது, தேய்த்தால் கறை நுண்துளைகளுக்குள் இன்னும் இறங்கும். கெட்டிஸ்பர்க்கின் போர்வீரர் கல்லறையில் பெயர் தெரியாதவர்களுக்கு நட்டிருப்பது எண் மட்டும் வெட்டிய சின்னச் சின்ன வெள்ளைச் சலவைக்கற்கள். தரையை ஒட்டி, தட்டையாக, "என் மேல் எதையாவது வை" என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். அங்கே கண்டிப்பாக வேண்டாம்.

எடுத்த கல்லைத் திருப்பி வைத்தால் கணக்கு சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற பூங்கா ஒன்று உண்டு. அங்கிருந்து துண்டுகளைத் திருடிக்கொண்டு போனவர்கள், பிறகு மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை, தனியாக ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வரலாற்றுத் தளத்திலும் இதே சிக்கல்தான். எது எங்கே கிடந்தது என்பதுதான் அங்கே பாதிச் செய்தி, வெளியிலிருந்து வருகிற கல்லும் இடம் மாறின கல்லும் அதைக் குழப்பிவிடும்.

அப்படியென்றால் வரலாற்று இடத்தில் எதையுமே விட்டுவிட்டு வரக்கூடாதா? அப்படியும் இல்லை. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 1982-இலிருந்தே மக்கள் கடிதம், பதக்கம், பூட்ஸ் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அதே பார்க் சர்வீஸ்தான் அவற்றைச் சேகரிக்கிறது, 4 லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் வால்டன் குளத்தருகே எழுத்தாளர் தோரோ வாழ்ந்த குடிசை இருந்த இடத்தில் 1872-இல் அவருடைய நண்பர் ஆல்காட்டும் உடன் வந்த ஒரு விருந்தாளியும் தொடங்கிவைத்த கல் குவியல் இன்னும் இருக்கிறது, வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் போடுகிறார்கள். இந்த இரண்டு இடங்களிலும், வைக்கிற பொருளுக்கு இடம் ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கெட்டிஸ்பர்க்கில் உங்கள் கல்லுக்கு அப்படி யாரும் இல்லை.

சரி, எங்கே வைப்பது? கெட்டிஸ்பர்க் ஒரு ஊரும்கூட, போர்க்களம் அதைச் சுற்றித்தான் கிடக்கிறது. ஐஸ்கிரீம் கடை, நீங்கள் தங்குகிற ஹோட்டலின் வரவேற்பு மேஜை, யார் வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம் என்று வீட்டு வாசலில் வைத்திருக்கிற சின்ன நூலகப் பெட்டி, இங்கெல்லாம் "பிள்ளைகள் வரைந்தது, ஒன்று வைத்துவிட்டுப் போகட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். யாரும் பார்க்காதபோது ஒளித்து வைக்கிற சுவாரசியம் கொஞ்சம் குறையும், ஆனால் கல் நிச்சயமாக ஒருவர் கைக்குப் போகும். 2015-இல் மாசசூசெட்ஸின் கேப் காட் கடற்கரையில் மேகன் மர்ஃபி என்கிற பெண் நாலு நல்ல வார்த்தை எழுதின கற்களை விட்டுவந்ததிலிருந்துதான் இந்தப் பழக்கம் இவ்வளவு தூரம் பரவியது, கல் ஒரு முகம் தெரியாத மனிதருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. அதற்குப் பீரங்கி பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊர்ப் பூங்காவிலும் நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், எங்கே வைத்தாலும் புல்வெளி மட்டும் வேண்டாம், புல் வெட்டும் மெஷினில் சிக்கின கல் தெறித்துப் போய் யார் மேலாவது படும்.

இனி சாயம் போன விஷயம். பெயிண்ட் டப்பாவை எடுத்துப் பாருங்கள், 'வாஷபிள்' என்று போட்டிருந்தால் அது துணியில் பட்டாலும் தண்ணீரில் போய்விட வேண்டும் என்றே செய்த சிறுவர் பெயிண்ட், மழையில் நிற்காது. அக்ரிலிக் என்று போட்டதை வாங்குங்கள். மேல் பூச்சுக்கு மாட் பாட்ஜ் என்கிற கைவேலைப் பசை போட்டிருந்தீர்கள் என்றால் அதிலும் சாதாரண வகை தண்ணீர் தாங்காது, ஈரத்தில் வெள்ளை பூத்துப் பிசுபிசுக்கும். வெளியில் வைப்பதற்கென்றே விற்கிற வார்னிஷ்தான் வேண்டும்.

ஆனால் நான் பார்த்தவரை பெயிண்ட்டைவிட அதிகம் சொதப்புவது கல்லின் ஈரம். கழுவின கல் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே தண்ணீர் இருக்கும். அதன் மேல் பூசி மூடினால், வெயில் படும்போது ஆவி வெளியே வர வழி தேடும், பெயிண்ட் கொப்பளித்துத் தோல் தோலாக உரியும். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காற்றாட விடுங்கள். அவசரத்துக்கு ஓவனில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரமுள்ள கல் சூட்டில் வெடிக்கும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கருத்தால் முதலில் ஒரு கோட் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். முத்து மாதிரி உருண்டு நின்றால் கல்லில் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது, கடையில் பளபளவென்று வருகிற கற்களில் இது உண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி கழுவுங்கள். கல்லைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், தோட்டச் சாமான் கடையில் மூட்டையாகவே கிடைக்கும், ஆற்றிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ அள்ளி வர வேண்டாம்.

எழுத்து கலங்குவதற்கு இன்னொரு காரணம் ஷார்ப்பி மார்க்கர் பேனா. அந்த மையும் ஸ்ப்ரே வார்னிஷும் பல சமயம் ஒரே இனத்துக் கரைப்பானில் இருப்பவை, ஸ்ப்ரே பட்டதும் எழுத்து கரைந்து ஊதா நிறத்தில் ஓடும். போஸ்கா மாதிரி அக்ரிலிக் பேனாவில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, முதல் கோட்டைத் தூரத்திலிருந்து பனி படிகிற அளவுக்கு மட்டும் அடியுங்கள். காய்ந்த பிறகு இன்னும் இரண்டு மெல்லிய கோட். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும், மழைக்காலப் புழுக்கத்தில் அடித்தால் மங்கும். ஸ்ப்ரே வேலை உங்களுடையது, திறந்தவெளியில், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். மினுமினுப்புத் தூள், ஒட்டுகிற பொம்மைக் கண் எல்லாம் வேண்டாம், அவை கழன்று விழுந்தால் கைக்குழந்தை வாயிலோ பறவை வாயிலோ போகும். கல்லும் குழந்தையின் உள்ளங்கையை நிறைக்கிற அளவுக்காவது இருக்கட்டும், அதைவிடச் சின்னது தொண்டையில் சிக்கும். பின்பக்கம் பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதுவும் எழுத வேண்டாம். "பிடித்திருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பூங்காவில் விட வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள், கல்லைக் கண்டெடுத்தவர் அதை நேராகப் போர்க்களத்தில் கொண்டுபோய் வைப்பதும் நடக்கும்.

மாமல்லபுரத்துக்கும் இதே பதில்தான், அங்கே இன்னும் கறாராக. கடற்கரைக் கோயிலும் ரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ அலங்கோலப்படுத்தினாலோ 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கல் வைத்தாலே அது பாய்ந்துவிடாதுதான், ஆனால் காவலாளியோடு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது விடுமுறையில் தேவையா? பெட்டியில் இருபது கல்லை அடுக்கினால் நான்கைந்து கிலோ அதற்கே போய்விடும். தாத்தா பாட்டிக்கு ஆளுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு என்று எடுத்துப் போனால் போதும்.