கொதிக்க வைத்துக் கொடுத்தும் வாந்தி ஏன்?

கேள்வி: ஞாயிறு காலை கோழி வாங்கி, மஞ்சள்தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசி, மதியம் குழம்பு வைத்தேன். இரவு எல்லாரும் அதே குழம்பைக் கொதிக்க வைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். ஒன்பது வயது மகன் மட்டும் தோசை வேண்டாம் என்றான். மதியம் வடித்த சாதத்தில் முட்டை சாதம் கிளறிக் கொடுத்தேன். குழம்பும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி. விடிவதற்குள் நின்றுவிட்டது. கோழி கெட்டது என்கிறார் மாமியார். கடையை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம் கோழி மேல் இல்லை, சாதத்தின் மேல். குழம்பை எல்லாரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். சாதம் அவன் மட்டும். கோழியிலோ முட்டையிலோ வரும் சால்மொனெல்லா வேலையைக் காட்ட பொதுவாக 6 மணி நேரமாவது ஆகும். இரண்டு மணி நேரத்தில் வந்து, ஓர் இரவில் அடங்கும் வாந்தி வேறு வகை.

பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா மண்ணிலிருந்தே அரிசியோடு வருகிறது. உலையில் பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள் தாக்குப்பிடிக்கும். சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைச் சோற்றில் விட்டுவிடும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும்; அந்த நஞ்சு போகாது. வாடையும் மாறாது, ருசியும் மாறாது என்பதால் நீங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது. "நல்லா கொதிக்க வச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்று நம் வீடுகளில் சொல்வதை நம்பித்தான் நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை.

5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. அதனால் சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். திருச்சியில் பாதி வருஷம் அந்தக் கணக்குதான்! மிஞ்சிய சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கடியில் ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பானையோடு வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். மதியக் குழம்புக்கும் இதே விதிதான். இந்த முறை தப்பித்தீர்கள்.

அப்போ பழைய சோறு எப்படி என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. தண்ணீர் ஊற்றிய சோற்றை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்குகிறது. புளியோதரை கட்டுச்சோறாகத் தாங்குவதற்கும் புளிப்பு ஒரு காரணம். ஆனால் மதியச் சோற்றைச் சும்மா வைத்திருந்து, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றிப் பிரயோசனமில்லை. ஆறியதும் ஊற்றிவிட வேண்டும்.

கோழியை நாலு தண்ணீரில் அலசியது பற்றியும் சொல்லியாக வேண்டும். கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் அந்தத் திவலைகள் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தட்டு, பச்சையாகத் தூவப்போகும் கொத்தமல்லி எல்லாவற்றிலும் விழும். மஞ்சளை நம்ப வேண்டாம். உள்வரை நன்றாக வெந்தால்தான் கிருமி சாகும். இறகும் ரத்தமும் ஒட்டியிருக்கிறதே என்றால், குழாயடியில் பிடிக்காமல் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். அப்புறம் தொட்டி, அரிவாள்மனை, கை மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெங்காயத்தைத் தொட வேண்டும்.

கடையை மாற்ற வேண்டாம், வாங்கும் வரிசையை மாற்றுங்கள். காய், மளிகை முதலில். கோழி, மீன் கடைசியில், தனிப் பையில். ஃபிரிட்ஜிலும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் ரத்தத் தண்ணீர் சொட்டும்.

இனி இப்படி வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறான், மலத்தில் ரத்தம் தெரிகிறது – இதில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.