மாமாவின் அட்டவணை

அன்புள்ள அண்ணாச்சி,

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தாய்மாமா மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். குடும்பத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், பம்புசெட் மோட்டார் எரிந்தால்கூட, அவரிடம்தான் ஓடுவோம். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர், எங்கள் குளத்துத் தண்ணீருக்காக வருஷா வருஷம் நடக்கும் சண்டையைத் தீர்த்துவைக்கிறேன் என்று உட்கார்ந்தார். நாலு மாதம் டேப் வைத்து அளந்தார். ஒரு மரக்கால் விதை விதைக்கிற பரப்புக்கு இத்தனை நிமிஷம் என்று லேப்டாப்பில் அட்டவணை போட்டு, லேமினேட் செய்து வாய்க்கால் ஓரம் நாலு இடத்தில் தொங்கவிட்டார். அஞ்சாம் நாள் ராத்திரி தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் கைகலப்பு. மறுநாள் அட்டவணை வாய்க்காலில் மிதந்தது. "ராக்கெட்டு விட்ட மனுசனால ஒரு மடையத் தொறக்க முடியலியே வே" என்று டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். மாமா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

என் கேள்வி இதுதான். இவ்வளவு புத்தி இருந்து என்ன பிரயோஜனம்? அல்லது நாங்கள் நினைத்த அளவு புத்தி அவருக்கு இல்லையா? (என் பெயர் வேண்டாம் அண்ணாச்சி.)

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமாவின் புத்தியில் குறை ஒன்றும் இல்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த அட்டவணையின் போட்டோவைப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். சனி ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு முறை என்பதுவரை போட்டிருக்கிறார். கூட்டிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. டீக்கடைக்காரர்களை விடுங்கள். அவர்கள் ராக்கெட் விழுந்தாலும் பேசுவார்கள், பறந்தாலும் பேசுவார்கள்.

ராக்கெட்டைப் பற்றியே பேசுவோம். நம் நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடுவது, முதலில் பறந்தது 2010 ஏப்ரலில். தோற்றுப்போனது. எரிபொருளைத் தள்ளிவிடுகிற பூஸ்டர் டர்போ பம்ப் நின்றுபோனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். திருத்தினார்கள், மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தார்கள், 2014 ஜனவரியில் அது வேலை செய்தது. சாதாரணக் காரியம் இல்லை. திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்துக் கையாள வேண்டும். ஆனால் அந்த ஹைட்ரஜன் இன்றைக்கு மைனஸ் 253-இல் எப்படி இருக்கிறதோ நாளைக்கும் அப்படியே இருக்கும். "போன வருஷம் ஆக்சிஜனுக்குக் கூடக் கொடுத்தியே" என்று மல்லுக்கு நிற்காது. தோற்றால் ஏன் தோற்றது என்று எஞ்சினே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மாமா முப்பது வருஷம் பழகியது அந்த மாதிரி எதிராளியோடு.

குளம் அப்படி இல்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அவற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். பாபநாசம் அணையில் 143 அடியும் மணிமுத்தாறு அணையில் 118 அடியும் நிறைந்து நிற்கிற வருஷம் யாருடைய மூளையும் தேவைப்படாது. ஊரில் எல்லாரும் நல்லவர்கள். பாதி நிறைகிற வருஷத்தில்தான் அட்டவணை வேண்டும். அந்த வருஷம்தான் அது நிற்கவும் நிற்காது.

மாமா அட்டவணை போட்டபோது குளத்தில் இத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கும் என்று ஒரு எண்ணை எடுத்திருப்பார். அது எங்கிருந்து வந்தது? ஐப்பசியில் எவ்வளவு பெய்யும் என்ற ஊகத்திலிருந்து. 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்தக் கடற்கரையில் வருஷம் முழுக்கப் பெய்வதையே தாண்டிய மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு தண்ணீர் நடுவில் நின்றது. கனமழை வரும் என்று சொல்லியிருந்தார்கள். 95 என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் புத்தி இல்லாதவர்களா?

1961-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்கிற வானிலை விஞ்ஞானி கம்ப்யூட்டரில் ஒரு கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். பாதியிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்து, தாளில் அச்சாகியிருந்த 0.506 என்ற எண்ணைத் தட்டிவிட்டு காபி குடிக்கப் போனார். கம்ப்யூட்டருக்குள் இருந்த எண் 0.506127. திரும்பி வந்து பார்த்தால், கொஞ்ச தூரம் பழைய கணக்கோடு ஒட்டிப்போன வானிலை அப்புறம் பிரிந்து முற்றிலும் வேறாகப் போயிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம். காற்றையும் ஈரத்தையும் முழுத் துல்லியமாக அளக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அளவில் இருக்கிற அந்தத் துளிப் பிசகு நாள் ஆக ஆகப் பெருகும். மேதையை உட்காரவைத்தாலும் அதேதான். அவரிடம் இல்லாதது தகவல். யோசித்து யோசித்துத் தகவலை உண்டாக்க முடியாது.

சரி, மழை ஒழுங்காகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் இவ்வளவு என்று தெரியும். அப்போதாவது தீருமா?

பள்ளிக்கூடத்தில் ஜியோமெட்ரி பாக்ஸ் வைத்திருந்தீர்கள்தானே. காம்பஸையும் கோடு போடாத அளவுகோலையும் மட்டும் வைத்து 60 டிகிரிக் கோணத்தை மூன்று சம பங்காக வெட்ட வேண்டும். கிரேக்கர்கள் காலத்திலிருந்து முயன்றார்கள். 1837-இல் வான்ட்ஸெல் என்ற பிரெஞ்சு இளைஞர், அது முடியவே முடியாது என்று நிரூபித்தார். இன்னும் வழி தெரியவில்லை என்று சொல்லவில்லை, வழியே கிடையாது என்றார். அதற்குப் பிறகும் தீர்வு கண்டுவிட்டோம் என்று கணக்கு வாத்தியார்களுக்குக் கடிதம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களில் நல்ல மூளைக்காரர்களும் உண்டு, அதுதான் பரிதாபம்.

உங்கள் குளத்திலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். தலைமடைக்காரர் மாமூல்படி, அதாவது பழைய வழக்கப்படி விடு என்பார், ஏனென்றால் மாமூலில் அவர் வயல் முதலில் நனையும். அது இல்லையென்றால் நிலத்தின் பரப்புப்படி. ஆளுக்கு ஒரே நேரம் என்ற சமமுறை அவருக்கு ஆகவே ஆகாது. நடுவில் நிறைய நிலம் வைத்திருப்பவருக்குப் பரப்புப்படி வேண்டும், அது இல்லையென்றால் சமமுறை, மாமூல் கடைசி. கடைமடைக்காரருக்குச் சமமுறைதான் வேண்டும். அது இல்லையென்றால் மாமூலே தேவலை, கசிவாவது வரும் என்பார். பரப்புப்படி என்றால் அவரது துண்டு நிலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்போது கைதூக்கச் சொல்லுங்கள். பரப்பா சமமுறையா என்றால் பரப்பு ஜெயிக்கும், இரண்டு பேர். சமமுறையா மாமூலா என்றால் சமமுறை, இரண்டு பேர். அப்படியானால் பரப்பு மாமூலையும் ஜெயிக்க வேண்டும்தானே? கேட்டுப் பாருங்கள், மாமூல் ஜெயிக்கும், அதற்கும் இரண்டு பேர். செக்குமாடு மாதிரி சுற்றும். மூன்று பேருமே நியாயமாகத்தான் பேசுகிறார்கள், ஒருத்தர்கூட முட்டாள் இல்லை. இந்தச் சிக்கலை பிரான்ஸில் கோந்தோர்சே 1785-லேயே எழுதிவைத்தார். 1951-இல் கென்னத் ஆரோ இன்னும் ஒரு படி போய், ஆளுக்கொரு வரிசை வைத்திருக்கிறவர்களின் விருப்பத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க, எந்த இடத்திலும் நியாயம் பிசகாத விதி ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபித்தார். மாமாவின் அட்டவணை பரப்புக் கணக்கு. அதைத் தேர்ந்தெடுத்த நிமிஷமே அவர் ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டார். தனக்கே தெரியாமல் சாய்ந்திருப்பார். கடைமடைக்காரருக்கு அது உடனே தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பா போன பிறகு வீட்டைப் பங்கு வைக்க நான் எக்செல் ஷீட் போட்டேன். அக்காமார் இரண்டு பேரும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. வேறு சமயம் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாமாவிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் டேப் வருகிறது, லேப்டாப் வருகிறது, லேமினேஷன் வருகிறது. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சி ஒரு வரியில்கூட வரவில்லை. கவனித்தீர்களா?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியோடு விடியற்காலையில் வாய்க்கால் வரப்பில் நடப்பேன். எழுபது வயது இருக்கும், கையெழுத்துப் போடத் தெரியாது. தோளில் மம்பட்டி. ஓரிடத்தில் நின்று காதைச் சாய்ப்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. "நண்டு வளை. உள்ள எறங்குது பாரு" என்பார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, வைக்கோலைச் சுருட்டித் திணித்து, மேலே களிமண்ணை அப்பி மிதிப்பார். கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு ராத்திரியெல்லாம் அந்த வளை வழியாகப் பக்கத்துத் தோப்புக்குப் போயிருக்கும். டேப்பால் அளந்தால் இது அகப்படாது. எந்த வயல் மணல்பாங்கு, எது இரண்டு மடங்கு குடிக்கும், எந்த வீட்டில் இந்த மாதம் துக்கம், அதனால் யார் இன்றைக்கு முறையை விட்டுக்கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரும் சண்டையை ஒரேயடியாகத் தீர்த்ததில்லை. இன்றைக்கு ராத்திரி வெட்டுக்குத்து இல்லாமல் ஓட்டினார், நாளைக்கு மறுபடி ஓட்டினார். கார் சாகுபடி முடிந்து பிசான சாகுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்குவார். சில வருஷம் அவராலும் ஆகவில்லை, தாசில்தார்வரை போனது.

மேதைகளுக்கு என்று தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. ஒன்றில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிவிட்டால் மற்றதிலும் அப்படித்தான் என்று ஊர் நினைக்கும், அவரும் நினைக்கத் தொடங்குவார். கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று கணக்குப் போட்ட நியூட்டன், 1720-இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும் பணத்தைத் தொலைத்தார். பம்புசெட் மோட்டாரிலிருந்து எல்லாவற்றுக்கும் நீங்கள் மாமாவிடம் ஓடியதும் இதில் சேர்த்தி தம்பி. அவர் தலையில் குளத்தையும் ஏற்றியது நீங்களெல்லாம்தான்.

மாமாவிடம் இதைக் கேளுங்கள். அஞ்சாம் நாள் ராத்திரி அடிதடி, சரி. முதல் நாலு நாள்? நாலு ராத்திரி அட்டவணைப்படி தண்ணீர் ஓடியிருக்கிறது. அந்த நாலு நாளும் யார் வயலில் எவ்வளவு ஏறியது, எங்கே நேரம் போதவில்லை என்று அவர் குறித்துவைத்திருப்பார். மகேந்திரகிரி ஆசாமி குறிக்காமல் விடமாட்டார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி வீட்டுக்கு ஒரு நாள் காலையில் இரண்டு பேருமாகப் போங்கள். லேப்டாப் வேண்டாம். கார்த்திகை கடைசியில் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், வழியில் உங்கள் ஊரில் இறங்குகிறேன். நோட்டைத் தொலைத்துவிட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவையுங்கள்.