எண் சரியாக இருக்கிறது, இலை கருகுகிறது

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில், கூரைக்குக் கீழே, மண்ணில்லாமல் குழாய்களில் சலாட் கீரை வளர்த்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு, உரக் கரைசலைத் தானே அளந்து தானே ஊற்றும் கருவியைப் பொருத்தினேன். அன்றிலிருந்து தொட்டி நீரை மாற்றவில்லை. திரையில் இ.சி. 1.8, பி.எச். (அமில-கார அளவு) 6 என்றே நிற்கிறது. ஆனாலும் உள்ளிலைகளின் நுனி கருகுகிறது. கருவி பழுதாகிவிட்டதா, ஐயா?
— ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கருவி பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை, அம்மா. இ.சி. என்பது கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணிக்கும் எண். அந்த உப்பில் நைட்ரேட் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் விரைவாக எடுத்துக்கொள்ள, அது அதிகம் வேண்டாத சோடியம், சல்பேட் போன்றவை தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கருவி குறைந்ததை ஈடுகட்டிக்கொண்டே வருவதால் எண் அசையாமல் நிற்கும், உள்ளிருக்கும் கலவையோ மாறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, புதுக் கரைசல் நிரப்புவது அவசியம்.

நுனி கருகுவது பெரும்பாலும் கால்சியம் அந்த இடத்துக்குப் போய்ச் சேராததால் வருவது. இலை வழியே நீர் ஆவியாகும்போது அந்த நீரோட்டத்தோடுதான் கால்சியம் மேலேறுகிறது. சுருண்டு மூடியிருக்கும் உள்ளிலைகளில், அதிலும் நம் ஊரின் ஈரக் காற்றில், ஆவியாதல் மிகக் குறைவு. ஆகவே கூடுதலாகக் கால்சியம் ஊற்றுவதால் பயனில்லை. நம் வெப்பத்தில் சலாட்டுக்கு 1.8 அதிகம் என்பது என் கருத்து. 1.0 முதல் 1.2 வரை இறக்கி, ஒரு சிறு விசிறியும் வையுங்கள்.

நடுப்பகல் வெயிலில் செடி உப்பைவிட நீரையே அதிகம் குடிப்பதால் கரைசல் அடர்த்தியாகும். உரம் ஊற்ற மட்டுமே தெரிந்த கருவியால் அதைக் குறைக்க முடியாது என்பதால், மிதவை வால்வு வழியாக நல்ல நீர் சேரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் பாஜா (மலாயில் உரம்) ஏ, பி இரண்டின் அடர்கரைசல்களையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். ஏ-யில் உள்ள கால்சியமும் பி-யில் உள்ள சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிடும். கருவி சிறிது ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கலக்க விட்டு, மீண்டும் அளக்கும்படி அமையுங்கள். இல்லையெனில் கலந்து முடியாத நீரைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பி.எச். சென்சார் நாளடைவில் விலகும். விலகிய எண்ணை நம்பிக் கருவி அமிலத்தை ஊற்றும். மாதம் ஒருமுறையாவது அதை பி.எச். 7, 4 என மதிப்பு தெரிந்த இரு அளவுத் திரவங்களிலும், இ.சி. சென்சாரை 1.413 அளவுத் திரவத்திலும் சரிபாருங்கள். ஏற்கெனவே கருகிய நுனி பச்சையாகத் திரும்பாது. மாற்றத்தை இனி விரியும் இளம் இலைகளில்தான் பார்க்க முடியும்.