மலை, சூரியன், குடிசை... அதற்கு அப்புறம்?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் ஓவியம். எனக்கு வரையத் தெரியாது. யூடியூபில் பார்த்து போர்டில் ஒரு படம் போடுவேன், பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். ‘உங்க இஷ்டத்துக்கு வரைங்க’ என்று விட்டால் எல்லோரும் ஒரே படம்தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், போன வருஷம் வரை ஆசையாக வரைந்தவன், இப்போது ‘எனக்கு வராது டீச்சர்’ என்று நோட்டை மூடிவிடுகிறான். பொருள் வாங்கப் பணமும் அதிகமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? மார்க் எப்படிப் போடுவது?

பதில்: முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அவன்தான்.

அவனுக்கு வராமல் போகவில்லை. அவன் கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் கூட வரவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை மாட்டை வரையும்போது மாட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வரைகிறது: நாலு கால், ரெண்டு கொம்பு, ஒரு வால். எல்லாம் இருந்தால் திருப்தி. ஒன்பது, பத்து வயதில் அதே பிள்ளை தான் வரைந்ததையும் நிஜ மாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிக்கிறது. ‘இது மாடு மாதிரியே இல்லையே’ என்பது அப்போதுதான் தெரிகிறது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பாடம் நடத்திய விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்து எழுதினார். ஏழு முதல் ஒன்பது வரை ஒரு பருவம், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இன்னொன்று. வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் உங்கள் அறையில் இந்த இரண்டு பருவமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் எல்லோருக்கும் ஒரே பாடம் சரிப்படாது.

இந்தக் கலையில் இரண்டு கட்சி உண்டு. போர்டில் போட்டதை அப்படியே வரையச் சொல்வது ஒன்று. குழந்தையைத் தன் போக்கில் விடு, எதுவும் சொல்லிக்கொடுக்காதே என்பது மற்றது. வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் சிறுவர்களுக்கென்று ஒரு ஓவிய வகுப்பைத் தொடங்கினார். இரண்டாவது கட்சி பலம் பெற்றது அவர் வழியாகத்தான். என்னைக் கேட்டால், மூன்றாம் வகுப்புவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உதவி கேட்டு நிற்கும்போது ‘உன் இஷ்டத்துக்கு வரை’ என்று சொல்வது அவனைக் கைவிடுவதுதான். அவனுக்கு இப்போது நுட்பம் வேண்டும். கொடுக்காவிட்டால் நோட்டை மூடிவிடுவான், பெரும்பாலும் ஆயுளுக்கும்.

சரி, உங்களுக்கு வரையத் தெரியாது என்கிறீர்கள். இதற்குக் கவலையே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேர ஓவிய ஆசிரியரைச் சொல்வதே ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தொடக்கப் பள்ளியில் இது வகுப்பாசிரியர் தலையில்தான் விழுகிறது, உங்களைப் போலப் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். இந்த வயதுக்கு நீங்கள் வரைந்து காட்டத் தேவையில்லை, கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்த மலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதைக் கிண்டல் செய்யாதீர்கள், தடை செய்யவும் வேண்டாம். தப்பு வராது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே படம் அது. அந்தப் படத்துக்குள்ளேயே கேள்விகளோடு நுழையுங்கள். உங்கள் மாவட்டத்தில் செஞ்சி இருக்கிறது. ‘செஞ்சி மலை இப்படிக் கூராவா இருக்கு?’ என்று கேளுங்கள். இல்லை, உருண்டை உருண்டையான பாறைகள், ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். ‘உங்க தெருவுல தென்னை அதிகமா, பனை அதிகமா? பனை ஓலை எப்படி விரியுது, தென்னங்கீத்து எப்படித் தொங்குது?’ ‘உங்க வீடு குடிசையா, ஓட்டு வீடா, மாடியா? மாடியில என்னென்ன இருக்கு?’ தண்ணி டேங்க், டிஷ் ஆண்டெனா, காயப்போட்ட துணி, வத்தல் எல்லாம் வரும். அடுத்த வாரம் அதே மலைப் படத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மலை, ஆளுக்கொரு வீடு வந்திருக்கும்.

இன்னொன்று. வாரம் ஒரு பீரியட் என்பது குறைவுதான், ஆனால் பார்ப்பதற்குப் பீரியட் வேண்டியதில்லை. ‘நாளைக்கு ஆடு வரையப் போறோம், போய்ப் பார்த்துட்டு வாங்க’ என்று முதல் நாள் சொல்லிவிடுங்கள். காது எந்தப் பக்கம் விழுது? பின்னங்கால் எங்கே மடங்குது, முன்பக்கமா பின்பக்கமா? கண்ணுக்குள்ளே கறுப்பு எப்படி இருக்கு? ஆட்டின் கண்மணி நம்முடையதைப் போல வட்டமில்லை, படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். தினமும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகூட இதை முதல் தடவை கவனித்துவிட்டு மறுநாள் ஓடி வந்து சொல்லும். அன்றைக்கு வரைகிற ஆட்டில் அந்தக் கண் இருக்கும்.

அடுத்தது, மூன்று வகுப்பையும் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது. பொருள் ஒன்று, வேலை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் ஒரு குடம், ஒரு சொம்பு, ஒரு டம்ளர்.

மூன்றாம் வகுப்புக்குக் கதை கொடுங்கள்: ‘குழாயில தண்ணி வருது, யார் யாரெல்லாம் குடத்தோட நிக்கிறாங்க, வரைங்க.’ அவர்கள் காகிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்கள். வானம் மேலே ஒரு நீலப் பட்டையாக இருக்கும். குடத்துக்குள் இருக்கிற தண்ணீரும் வெளியிலிருந்தே தெரியும், பஸ் வரைந்தால் உள்ளே இருக்கிறவர்களின் கால்வரை தெரிவது மாதிரி. சண்டை போட்ட அக்கா எல்லோரையும் விடப் பெரிதாக இருப்பாள். இவை எதையும் திருத்தாதீர்கள். இந்த வயதில் இது பிழை கிடையாது, அவர்கள் சொல்ல வந்ததை இப்படித்தான் சொல்கிறார்கள். தானாக மாறும்.

நான்காம் வகுப்புக்கு ஒன்றை ஒன்று மறைப்பதைக் காட்டுங்கள். குடத்துக்கு முன்னால் சொம்பை வையுங்கள். ‘குடத்துல எவ்வளவு தெரியுது, எவ்வளவு தெரியலை?’ தெரியாத பாகத்தை வரையாமல் விடுவது அவர்களுக்குப் பெரிய துணிச்சல். முழுக் குடத்தையும் வரைந்துவிட்டு, மேலே சொம்பைப் போட்டு, அப்புறம் கோட்டை அழிக்கப் பார்ப்பார்கள். முன்னால் இருப்பதை முதலில் வரை, பின்னால் இருப்பது அதில் முட்டி நிற்கட்டும் என்று சொல்லிக்கொடுங்கள். இது பிடிபட்டால் படத்துக்குள் தூரம் வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு டம்ளர். கையில் பிடித்துக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு நேர்க்கோடு. மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள்: கோடு முட்டை வடிவமாகித் திறக்கும், இன்னும் இறக்கினால் வட்டமாகும். பெரும்பாலான பிள்ளைகள் வாயை முழு வட்டமாகவும் அடியைத் தட்டையாகவும் போடுவார்கள். டம்ளர் வாய் வட்டம் என்று தெரியும், அது சாயாமல் நிற்க அடி தட்டையாக இருக்க வேண்டும் என்றும் தெரியும். தெரிந்ததும் பார்ப்பதும் இங்கே மோதுகின்றன. உங்கள் பையனை இந்த வேலையில் உட்கார வையுங்கள். வாய் வளைந்தால் அடியும் அதே பக்கம் வளையும் என்று அவனே கண்டுபிடித்து வரையும்போது, காகிதத்தில் டம்ளர் நிற்பதைப் பார்ப்பான். ‘வராது’ என்பதற்கு வாயால் சமாதானம் சொன்னால் அவன் நம்ப மாட்டான், கையால் ஒன்று வந்தால்தான் நம்புவான்.

அவனுக்கு இன்னொரு வேலை, முகம். பிள்ளைகள் கண்ணை நெற்றி உயரத்துக்குத் தூக்கி வைத்துவிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து கண்வரை, கண்ணிலிருந்து தாடைவரை என்று பக்கத்தில் இருப்பவன் தலையை ஒரு குச்சியால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், கண் தலையின் பாதியில் இருக்கிறது. வகுப்பே சத்தம் போட்டுச் சிரிக்கும், சிரிக்கட்டும்.

கோடு பழக ஒரு இலை போதும். பூவரசு இலையோ வெற்றிலையோ கொடுத்து, அதன் விளிம்பில் ஒரு எறும்பு நடப்பதாக நினைத்து, எறும்பு போகிற வேகத்திலேயே பென்சிலை நகர்த்தச் சொல்லுங்கள். கண் பெரும்பாலும் இலையில்தான் இருக்க வேண்டும், காகிதத்தில் இல்லை. கோணல்மாணலாக வரும். ஆனால் அந்தக் கோணலில் நிஜ இலை இருக்கும். இந்த நேரத்தில் ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். ரப்பர் பக்கத்தில் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும்.

கோலத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடத் தெரிந்த பெண் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். சமச்சீர், இடைவெளி, கை எடுக்காமல் கோட்டை இழுப்பது எல்லாம் அவர்கள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களையே ஆசிரியராக்கி, பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் பெரிதாகப் போடட்டும், தோளிலிருந்து கை அசையும். சாக்பீஸை நனைத்துக்கொண்டால் நிறம் இன்னும் அழுத்தமாக விழும்.

பொருள் விஷயம் சுருக்கமாகவே முடியும். ஒரு பக்கம் அச்சடித்த தாள், பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், அடுப்புக்கரி, செங்கல் துண்டு. காசு இருந்தால் மெழுகு கிரேயானுக்குப் பதில் ஆயில் பேஸ்டல் வாங்குங்கள். அழுத்தாமலே நிறம் விழும், ஒன்றின் மேல் ஒன்று கலக்கும். போஸ்டர் கலரில் பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கு பாட்டில் போதும், கறுப்பை வாங்கவே வேண்டாம். கறுப்பு இருந்தால் இருட்டாக்குவதற்கெல்லாம் அதைத்தான் எடுப்பார்கள், எல்லா நிறமும் அழுக்காகிவிடும். இந்த நான்கை வைத்துக்கொண்டு, மாந்தளிர், முற்றிய மாவிலை, வாழை இலையின் அடிப்பக்கம், வேப்பங்கொழுந்து என்று கொண்டுவந்து வைத்து, ‘இந்த நிறத்தைக் கலந்து காட்டுங்க’ என்று சொல்லுங்கள். இலை என்றால் பச்சை என்ற முடிவு அன்றைக்கே உடையும். பக்கத்தில் இருக்கிற மெழுகுவத்தித் துண்டையும் விடாதீர்கள்: வெள்ளைத் தாளில் அதனால் வரைந்து மேலே தண்ணீராகக் கரைத்த நீலத்தைப் பூசினால், மறைந்திருந்த கோடு வெளியே வரும்.

கலரிங் புக் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. வேறொருவர் போட்ட கோட்டுக்குள் நிரப்பிப் பழகிய பிள்ளை, தன் கோடு அவ்வளவு நேர்த்தியாக இல்லை என்பதைத்தான் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அதேபோல அவர்கள் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். ஏதாவது காட்ட வேண்டுமென்றால் வேறு தாளில் காட்டுங்கள். ‘இது என்ன?’ என்று கேட்பதற்குப் பதில் ‘இதைப் பத்திச் சொல்லேன்’ என்று கேளுங்கள். எல்லோருக்கும் ‘சூப்பர்’ போடுவதைவிட, ‘மாட்டோட கழுத்து மணியைக்கூடக் கவனிச்சிருக்கியே’ என்று ஒன்றை மட்டும் குறித்துச் சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த முறை இன்னும் இரண்டைக் கவனித்து வரும்.

மார்க். அழகுக்கு மார்க் போடாதீர்கள், யாருடைய படத்தையும் இன்னொருவருடையதோடு வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி எழுதி, ஆளுக்கொரு உறையில் போட்டு வையுங்கள். ஜூனில் வரைந்த ஆட்டையும் பிப்ரவரியில் வரைந்த ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிதாக எதைக் கவனித்திருக்கிறது, எதை முயன்றிருக்கிறது என்று தெரியும். ரிஜிஸ்டரில் மார்க் எழுதியே ஆக வேண்டும் என்றால் அந்த முன்னேற்றத்துக்கு எழுதுங்கள். பெற்றோர் போட்டிக்குத் தயார்செய்யச் சொன்னால் அந்த உறையைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். ஒரே படத்தை மனப்பாடம் செய்து போட்டியில் ஒப்பிப்பதில் பரிசு வேண்டுமானால் கிடைக்கலாம், வரையக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆண்டு விழாவுக்குச் சுவரில் ஒட்டும்போது நன்றாக இருக்கிற பத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் உறையைக் கொடுத்து, எதை ஒட்டலாம் என்று அதுவே எடுத்துக் கொடுக்கட்டும். கீழே ஒரு வரி, அந்தப் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். ஒட்டுவது பெரியவர்கள் உயரத்தில் வேண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும்.