திருவான்மியூர் பக்கம் இலவசக் கச்சேரியும் தன்னார்வ வேலையும்

வார நாள் முழுக்க ஆபீஸ், திருவான்மியூருக்குப் புதுசு, செலவில்லாமல் கச்சேரி கேட்கணும், ஏதாவது தன்னார்வ வேலையும் செய்யணும் என்று கேட்டிருந்தீர்கள். மார்கழியில் வந்திருக்கிறீர்கள், நல்ல நேரம். சபாக்களில் பெரும்பாலும் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மதியக் கச்சேரிகள் பல இலவசம். சனி, ஞாயிறு மயிலாப்பூர் பக்கம் போங்கள். இளம் பாடகர்களை நன்றாகக் கேட்கலாம்.

தன்னார்வத்துக்கு நான் முதலில் சொல்வது ஆமை நடை. 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஜனவரி வாக்கில் தொடங்கி, இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேரலாம். ஒருமுறை நடந்துவிட்டு, பிடித்திருந்தால் பெயர் கொடுங்கள். அப்புறம், டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம்.