மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு? கேள்வி பதில்

ஹட்டனில் மணப்பெண் அலங்காரம் செய்துவரும் என்னிடம் உதட்டுச்சாயம் பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்கு, கேட்டவரின் ஊர்ப்பெயரோடு இங்கே பதில் தருகிறேன்.

கொட்டகலை: அக்கா, நான் மாநிறம், கூறைச் சேலை அரக்கு நிறம். எந்தச் சிவப்புப் பொருந்தும்?

சிவப்பில் செம்மஞ்சள் கலந்தது ஒன்று, நீலம் கலந்தது மற்றொன்று. உங்கள் தோலில் மஞ்சள் சாயல் ஓடினால் செங்கல் சிவப்பு முகத்தைத் தூக்கிக் காட்டும்; அரக்குச் சேலைக்கும் அது இணங்கும். உதட்டின் சொந்த நிறத்தையும் கணக்கில் எடுங்கள், தங்கச்சி. நம்மில் பலருக்கு மேலுதடு கருமையாகவும் கீழுதடு வெளிறியும் இருப்பதால், ஒரே சாயம் இரண்டிலும் இரு நிறமாகத் தெரியும். மேலுதட்டில் செம்மஞ்சள் சார்ந்த கன்சீலரை, அதாவது கருமையை மறைக்கும் பூச்சை, மெல்லத் தொட்டுவிட்டுப் பூசினால் அந்த வேறுபாடு அடங்கும். சாயத்தைப் பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் நின்று பார்த்தே வாங்குங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எந்தச் சிவப்பும் செம்மஞ்சளாகத்தான் தெரியும்.

தலவாக்கலை: தோலின் சாயலை அறிய மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்தால் போதாதா?

கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது. யன்னலோரம் போங்கள்.

பதுளை: கறுத்த பிள்ளைகளுக்கு அடர்சிவப்பு எடுபடாது, வெளிர் ரோஸ்தான் அடக்கம் என்பது பெரியவர்கள் சொன்னது. நீங்கள் ஏன் அவர்களுக்கும் அடர்நிறம் பூசச் சொல்கிறீர்கள்?

பெரியவர்கள் சொன்னது அடக்கத்தைப் பற்றி அம்மா, நிறத்தைப் பற்றியல்ல. வெள்ளை மிகுந்த வெளிர் ரோஸ் கறுத்த உதட்டில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். நாவற்பழ நிறமும் கடும் மெரூனும் நீலச் சிவப்பும் அதே முகத்தில் ஒளிரும். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு அலங்காரம் செய்தபோது, வெயிலில் முகம் கழுத்தைவிடக் கறுத்திருந்ததால் வீட்டார் ரோஸ்தான் வேண்டும் என்று நின்றார்கள். கீழுதட்டின் ஒரு பாதியில் ரோஸும் மறு பாதியில் நாவற்பழ நிறமும் பூசி யன்னலருகே நிறுத்தினேன். அவளுடைய அம்மாவே ரோஸ் பாதியைத் துடைத்துவிட்டார். வெயில் தோலைக் கறுக்க வைக்குமே தவிர, அடியில் ஓடும் சாயலை மாற்றாது.

பண்டாரவளை: பதுளை அம்மா சொல்வதும் சரிதானே? வேலைத்தளத்தில் அடர்நிறத்தை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பார்ப்பவர்களின் கண்ணுக்கு என்னிடம் சாயம் இல்லை. அதே நாவற்பழ நிறத்தை விரல் நுனியால் ஒற்றிப் பூசுங்கள். அடர்த்தி குறையும், சாம்பல் பூக்காது.

நுவரெலியா: பளபளப்பில்லாத மேட் வகை பூசினால் உதடு வெடிக்கிறது.

ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்துக் குளிர்காற்றில் உதடு காய்ந்துதான் இருக்கும். மேட் வகையில் எண்ணெய்ப்பசையும் குறைவு. பத்து நிமிடம் முன்பே வாசலீன் தடவி, ஒற்றியெடுத்துவிட்டுப் பூசுங்கள். எரிச்சலோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

மஸ்கெலியா: நான் சைவம். லிப்ஸ்டிக்கில் பூச்சி உண்டா?

சிலவற்றில் உண்டு. கார்மைன் என்னும் சிவப்பு, கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. உறையில் அதன் குறியீடான சி.ஐ. (CI) 75470 என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

பொகவந்தலாவை: அக்கா, மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு?

கொட்டகலைத் தங்கச்சிக்குச் சொன்னதை வாசியுங்கள். கடை மாதிரியை மட்டும் உதட்டில் வைக்காதீர்கள். எத்தனை பேர் வாயில் பட்டதோ.

வட்டவளை: இரவில் ரியூப் லைட்டில் பார்த்து வாங்கிவிட்டேன், இப்போது வேறு நிறமாகத் தெரிகிறது.

யன்னல்!